இயோனியா: பெயரின் பொருள் என்ன? ‘யவனர்’ என்பதில் உள்ள வகரம் எங்கிருந்து வந்தது?

2 ஜூன், இரவு 9:14, புதுவாசகன் (கேள்வி)

ஒரு பகிர்வில் படித்தது: “இயோனியா (இன்றைய துருக்கியின் மேற்குக் கரை) என்ற கிரேக்கப் பகுதியின் பெயரே நம் ‘யவனர்’. கிரேக்கர்களே அந்தப் பெயரில் இருந்த வகரத்தை, இலியத் பாடிய புலவர் ஓமர் (ஹோமர்) காலத்துக்கு முன்பே தொலைத்துவிட்டார்கள். தமிழில் மட்டும் அது பத்திரமாக இருக்கிறது. ஆகவே கிரேக்கர் 3000 ஆண்டுக்கு முன்பே நம் கரைக்கு வந்துவிட்டனர்.” இதில் எவ்வளவு தேறும்? இயோனியா என்ற பெயருக்கு மூலப் பொருள் என்ன? ஊதாப்பூ என்கிறார் ஒருவர், ‘இயோன்’ என்ற மூதாதை பெயர் என்கிறார் இன்னொருவர்.

2 ஜூன், இரவு 10:50, எழுத்தாணி

முதல் பாதி சரி. வகரம் இருந்தது, விழுந்தது. கடைசி வரி தேறாது. வரிசையாகப் போவோம்.

ஒரு பெயரின் மூலத்தைத் தேடும்போது அகராதியில் உள்ள வடிவத்திலிருந்து தொடங்கினால் வழி தவறும். கிடைப்பதில் ஆகப் பழைய எழுத்துச் சான்றை எடுத்து, அந்த எழுத்துமுறை எதை எழுதும், எதை விட்டுவிடும் என்று முதலில் பார்க்க வேண்டும். இங்கே ஆகப் பழைய சான்று கிரீட் தீவின் க்னோசோஸ் அரண்மனைக் களிமண் பலகைகள். எழுத்து லீனியர் பி, கிரேக்கத்தை அசை அசையாக எழுதிய பழைய முறை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டியது. பலகையில் இருப்பது நான்கு குறிகள்: இ-யா-வொ-னெ. சொல்லின் கடைசியில் வரும் ஸகரத்தை இந்த எழுத்துமுறை எழுதாது. அதைச் சேர்த்துப் படித்தால் ‘இயாவொனெஸ்’, அதாவது இயாவோன் என்பதன் பன்மை. ஓமருக்குப் பல நூற்றாண்டு முந்தியது.

அடுத்த படி ஓமர். இலியத் 13ஆம் பாடலில் ஒரே ஓர் இடத்தில் ‘இயாஒனெஸ்’ வருகிறது, ‘தரையில் இழையும் அங்கி அணிந்தவர்’ என்ற அடைமொழியோடு. வகரம் போய்விட்டது. இரண்டு உயிர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதற்கும் பிறகு அவ்விரு உயிரும் ஒன்றாகி ‘இயோனெஸ்’. அந்த மக்களின் நாடு இயோனியா. மக்கள் பெயர் முன்னது, நிலப் பெயர் பின்னது. ‘இந்த நிலத்தின் தன்மை என்ன, அதனால் இந்தப் பெயர்’ என்று தேடுகிற விளக்கங்கள் எல்லாம் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகின்றன.

2 ஜூன், இரவு 11:05, எழுத்தாணி

ஊதாப்பூவை மறந்தேன். அது நிற்காது. ‘இயொன்’ என்ற பூப்பெயருக்குத் தொடக்கத்திலேயே வகரம் உண்டு, பழைய வடிவம் ‘வியொன்’. நம் பலகையில் முதல் குறி இ, வி அல்ல. லீனியர் பி-யில் வி-க்குத் தனிக் குறி இருக்கிறது, எழுத வேண்டுமானால் எழுதியிருப்பார்கள். ‘வலிமை’ என்ற பொருளுள்ள, வகரத்தில் தொடங்கும் சொல்லோடு இணைக்கும் யோசனைக்கும் இதே கதிதான்.

3 ஜூன், காலை 6:30, நெடுங்கணக்கு

மூதாதை ‘இயோன்’ கதையையும் தள்ளிவிடலாம். க்ஸூதோசின் மகன், அல்லது அப்பல்லோவின் மகன், தாய் ஏதென்ஸ் இளவரசி க்ரேயூசா. குழுவின் பெயர் முதலில் இருந்து, அதற்கு விளக்கம் சொல்லப் பிறந்த ஆள் இவர். கிரேக்கப் பழங்கதையில் இது வழக்கமான வேலை: கிரேக்கரின் மற்றக் கிளைகளான டோரியருக்கு டோரோஸ், அயோலியருக்கு அயோலோஸ், எல்லோருக்கும் மேலே, கிரேக்கர் தங்களையே அழைத்துக்கொண்ட ‘எல்லேனெஸ்’ என்ற பெயருக்கு எல்லேன்.

யூரிப்பிடீஸ் நாடகத்தில் இன்னொரு விளக்கம் கூடுதலாகச் சேர்கிறது. கோயிலைவிட்டு வெளியே வரும்போது முதலில் எதிர்ப்பட்டவன் என்பதால் ‘இயோன்’ என்று பெயர் வைக்கிறார் தந்தை, ஏனென்றால் ‘இயோன்’ என்றால் கிரேக்கத்தில் ‘வருகிறவன், போகிறவன்’. மேடையில் கேட்க அழகு, சொல்லாராய்ச்சிக்கு உதவாது. க்னோசோஸ் பலகையில் உள்ள ‘-யாவொ-’வை அந்த வினையிலிருந்து எந்த வழியிலும் கொண்டுவர முடியாது.

நம் பக்கத்திலும் இதற்கு ஈடு உண்டு. வால்மீகி ராமாயணம் பாலகாண்டத்தில் வசிட்டரின் பசு படைகளை உண்டாக்கும் இடத்தில் யோனியிலிருந்து யவனர் தோன்றினர் என்று வரும். ஒலி ஒத்துப்போனால் கதை கட்டிவிடுவது இரு நாட்டிலும் ஒரே பழக்கம்.

3 ஜூன், காலை 8:12, புதுவாசகன்

அப்படியானால் உண்மையான பொருள்?

3 ஜூன், மதியம் 1:40, எழுத்தாணி

நிலைநாட்டப்பட்ட பொருள் இல்லை. ஆனால் சொல்லின் பின்பாதியைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்லலாம், அது பலருக்கும் தெரிவதில்லை.

க்னோசோசின் இன்னொரு பலகையில் தெய்வப் பெயர் ஒன்று: பா-யா-வொ-னெ. பாயாவோன், பின்னாளில் அப்பல்லோவின் பெயராகவும் துதிப்பாட்டின் பெயராகவும் ஆன ‘பயான்’. இ-யா-வொ-னெ, பா-யா-வொ-னெ இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். முதல் குறியைத் தவிர மீதி மூன்றும் அச்சாக ஒன்றே. ஆக ‘-ஆவோன்’ என்பது ஈறு, வேர் மிஞ்சுவது ‘இ-’ அல்லது ‘இயா-’ மட்டும். இதை வைத்துத்தான் ‘இயே பயான்’ என்ற வழிபாட்டுக் கூவலோடு சேர்த்து, அப்படிக் கூவுகிறவர்கள் இயாவோனெஸ் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். குணப்படுத்து என்ற வினையோடு இணைப்பவர்களும் உண்டு, மருத்துவனுக்குப் பலகைகளில் உள்ள சொல்லான இ-யா-தே அதே இரு குறிகளில் தொடங்குவதால். கிரேக்கர் வருமுன் அங்கிருந்த மொழியின் எச்சம் என்பது மூன்றாவது கருத்து.

மூன்றில் எனக்குக் குறைந்த நம்பிக்கை மருத்துவத்தின் மேல். இரண்டு குறி ஒத்துப்போவதை வைத்து ஓர் இனப் பெயரை வைத்தியர் கூட்டமாக்குவது பெரிய தாவல். கூவல் விளக்கம் ஈற்றையாவது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

3 ஜூன், மாலை 5:22, நெடுங்கணக்கு

பயான் ஒப்பீட்டில் இன்னும் ஒரு சரக்கு இருக்கிறது. ஓமர் மொழி பெரும்பாலும் இயோனியக் கிளை. அந்தக் கிளையில் பழைய நெடில் ஆ, ஏ ஆகும். பாயாவோன் ஓமரில் ‘பயியேஒன்’ ஆகிவிட்டது, விதிப்படி. அதே விதிப்படி இயாவொனெஸ் ‘இயேஒனெஸ்’ ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை! ‘இயாஒனெஸ்’ என்று ஆகாரத்தோடே நிற்கிறது. அந்த ஆ நெடில்தான் என்பது அடியின் சந்தத்திலேயே தெரிகிறது, குறிலாக எடுத்தால் அடி உடையும்.

அதாவது இயோனியர் பாடிய காவியத்தில் இயோனியரின் பெயர் மட்டும் இயோனிய உச்சரிப்பில் இல்லை. பொசெய்தாஒன், லாஒஸ் போன்ற பழைய ஆகாரச் சொற்களோடு சேர்ந்து, அயோலியக் கிளையின் காவிய மரபிலிருந்து அப்படியே ஏறி வந்த வடிவம் என்பது பொதுவான விளக்கம். இந்த ஒரு சொல்லுக்காகவே 13ஆம் பாடலை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

3 ஜூன், இரவு 8:03, கரையோரம்

கேள்வி: கோர்ஃபு, இதாகா எல்லாம் அயோனியத் தீவுகள் என்கிறார்கள். அவை கிரேக்கத்துக்கு மேற்கே. இயோனியா இருப்பதோ இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில். இயோனியர் மேற்கிலிருந்து கிழக்கே போனார்கள் என்பதற்கு இது ஆதாரமா?

3 ஜூன், இரவு 8:20, எழுத்தாணி

இல்லை. வேறு சொல். கடலுக்கு ‘இயொனியொஸ்’, ஒ குறில். பகுதிக்கு ‘இயோனியா’, ஓ நெடில். கிரேக்கத்தில் இரண்டுக்கும் எழுத்தே வேறு, ஓமிக்ரான், ஓமேகா. கடலின் பெயரைப் பசு உருவில் அலைந்த ‘இயோ’ என்ற பெண்ணோடு ‘கட்டப்பட்ட ப்ரொமேதியஸ்’ என்ற நாடகம் சேர்த்துச் சொல்கிறது, அதுவும் கதை விளக்கம்தான். எப்படியானாலும் நம் இயாவொனெசுக்கும் அந்தக் கடலுக்கும் உறவில்லை.

ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்து என்பதால் வந்த குழப்பம் இது. தமிழில் ஒ, ஓ தனித்தனி இருக்கிறது, பிறகு ஏன் குழம்ப வேண்டும்? இயொனியக் கடல், இயோனியப் பகுதி என்று எழுதினால் தீர்ந்தது. ‘அயோனியா’வும் ஆங்கில வாய்வழி வந்ததுதான்.

4 ஜூன், காலை 7:15, கரையோரம்

இயொனிய, இயோனிய. ஒரு கொம்பில் ஒரு கடலே மாறுகிறது. குறித்துக்கொண்டேன்.

4 ஜூன், காலை 11:48, நெடுங்கணக்கு

கரையோரம் கேட்ட இடப்பெயர்ச்சிக்கு ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் எரொதோத்தஸ் (ஹெரோடோட்டஸ்) சொல்வது: இயோனியர் முதலில் தென் கிரேக்கத் தீபகற்பமான பெலொப்பொன்னேசின் வடகரையில், பிற்காலத்தில் அக்காயா என்று பெயர் பெற்ற பகுதியில், பன்னிரண்டு பிரிவாக இருந்தனர். அக்காயர் துரத்தியதும் கடல் கடந்து ஆசியக் கரையில் பன்னிரண்டு நகரங்களாகவே அமைந்தனர். பயண நூல் எழுதிய பௌசானியஸ் இன்னும் தெளிவு: அந்த வடகரைக்குப் பழைய பெயர் ‘ஐகியலொஸ்’, கடற்கரை என்று பொருள், பிறகு இயோனியா, பிறகு அக்காயா.

ஏதென்ஸ் இருக்கும் ஆத்திகா பக்கமும் இந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடியது. ஏதென்சின் சோலோன் தன் கவிதையில் தன் நாட்டை ‘இயாஒனியாவின் ஆகத் தொன்மையான நிலம்’ என்கிறார். பெலொப்பொன்னேசை வடக்கோடு இணைக்கும் கொரிந்து நிலத்தொடுப்பில் நின்றிருந்த எல்லைத் தூணைப் பற்றிப் புவியியலாளர் ஸ்த்ராபோ எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் ‘இது பெலொப்பொன்னேஸ், இயோனியா அன்று’, மறு பக்கம் ‘இது பெலொப்பொன்னேஸ் அன்று, இயோனியா’. அதாவது ஒரு காலத்தில் மெகாரா, ஆத்திகா எல்லாமே இயோனியாவாக எண்ணப்பட்டன. ஆசியக் கரைக்கு மட்டும் அந்தப் பெயர் நிலைத்தது பின்னால்.

ஆசியக் கரையின் அந்தப் பன்னிரண்டு நகரங்கள்: தெற்கே காரியாவில் மிலேத்தொஸ், மியூஸ், ப்ரியேனே. லிதியாவில் எபேசு, கொலொஃபோன், லெபெதொஸ், தெயோஸ், க்ளசொமெனாய், ஃபொக்காயா. எதிரெதிரே இருந்து ஒரே வட்டார வழக்குப் பேசிய கியோஸ் தீவும் எரித்ராயும். தனி வழக்கோடு சாமொஸ் தீவு. ஸ்மிர்னா, இன்றைய இஸ்மீர், பிற்பாடு சேர்ந்தது. நால்வகை வழக்கு என்ற கணக்கும் எரொதோத்தஸ் கொடுத்ததே. ஆனால் அங்கே கிடைத்த கல்வெட்டுகளில் இந்த நான்கும் அவர் சொல்லுமளவு பளிச்சென்று பிரிந்து தெரிவதில்லை. மக்கள் வாயில் இருந்தது கல்லில் ஏறவில்லை போலும்.

4 ஜூன், இரவு 9:30, எழுத்தாணி

இனி வகரம். புதுவாசகன் கேட்டதன் நடுப்புள்ளி இதுதான்.

வெளியார் பதிவுகள் கிழக்கே போகப் போக:

அசிரியா. மூன்றாம் திக்லத்-பிலேசர் காலத்தில், கி.மு. 8ஆம் நூற்றாண்டில், பினீசியக் கரையிலிருந்து போன அதிகாரியின் கடிதத்தில் கடற்கரை ஊர்களைத் தாக்கிய ‘இயவுனாயர்’. இரண்டாம் சர்கோன் தன் கல்வெட்டுகளில் இவர்களை நடுக்கடலில் மீன்போல் பிடித்ததாகப் பெருமை பேசுகிறான். அங்கே எழுத்து ‘இயமன்-’ என்று மகரத்தில் இருக்கும். திடுக்கிட வேண்டாம், அக்காலத்தில் உயிர்களுக்கு இடையே வரும் மகரத்தை வகரமாக ஒலித்தார்கள்.

எபிரேயம். ஆதியாகமம் 10:2இல் யாப்பேத்தின் குமாரரில் ‘யாவான்’. தமிழ் பைபிளில் எல்லோரும் படித்த பெயர்தான்.

பாரசீகம். பேரரசர் தாரயவுஷ் (டேரியஸ்) காலத்து பெகிஸ்தூன் கல்வெட்டில் ‘யவுன’. சூசா அரண்மனை கட்டிய கணக்கைச் சொல்லும் கல்வெட்டில் கல் செதுக்கியவர்கள் யவுனரும் சார்திஸ்காரரும். நக்‌ஷ்-இ-ருஸ்தமில் ‘தகபரா யவுனர்’ என்று ஒரு தனி வகை, அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்தவர் என்று பொருள் கொள்கிறார்கள். ஓமருக்கு அவர்கள் அங்கிக்காரர், பாரசீகருக்குத் தொப்பிக்காரர், முல்லைப்பாட்டுக்கு ‘மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து வலிபுணர் யாக்கை வன்கண் யவனர்’. எல்லோரும் முதலில் உடையைத்தான் பார்த்திருக்கிறார்கள்!

கவனிக்க: இத்தனை பேரும் ‘எல்லேன்’ என்று சொல்லவே இல்லை. கிழக்கிலிருந்து வருகிறவனுக்கு முதலில் எதிர்ப்படுவது ஆசியக் கரை இயோனியர். அவர்கள் பெயரே மொத்தக் கிரேக்கருக்கும் ஆகிவிட்டது, விந்தியத்துக்குத் தெற்கே எவரானாலும் ‘மதராசி’ ஆன மாதிரி. ஏதென்சுக்கே இது தெரியும். அரிஸ்தொஃபனேஸ் கி.மு. 425இல் போட்ட நாடகத்தில் பாரசீகத் தூதன் ஏதென்ஸ்காரனைப் பார்த்து ‘இயாஒனவ்’ என்று கொச்சையாக விளிக்கிறான்.

5 ஜூன், காலை 6:05, புதுவாசகன்

அப்போது பகிர்வில் சொன்னது சரிதானே? யாவான், யவனர் இரண்டிலும் வகரம் நிற்கிறதே.

5 ஜூன், காலை 10:17, நெடுங்கணக்கு

இரண்டு வகரமும் ஒன்றல்ல. பலரும் சறுக்கும் இடம் இதுவே, அதனால் மெதுவாகப் போகிறேன்.

அசிரிய, எபிரேய வடிவங்களின் வகரம் பழையதாக இருக்கக்கூடும். கிழக்கு இயோனியரின் வாயில் வகரம் விழுவதற்கு முன்பே பெயர் கைமாறியிருக்கலாம். அல்லது சைப்ரஸ் வழியாகப் போயிருக்கலாம். சைப்ரஸ் கிரேக்கர் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலும் வகரத்தை எழுதினார்கள், இதாலியொன் வெண்கலப் பலகை சாட்சி.

பாரசீக ‘யவுன’வில் இருப்பது அவு என்ற கூட்டுயிர், நம் ஔ போல. இந்தியாவுக்குள் நுழைந்தது இந்த வடிவமே. ஔ பிராகிருதத்தில் ஓ ஆகும், அதனால் ‘யோன’. அசோகரின் 13ஆம் பாறைக் கட்டளையில் ‘யோனராஜா அந்தியோக’. அதே கட்டளையில் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள்.

இப்போது ‘யவன’ எப்படி? சமஸ்கிருதத்தின் ‘அவ’ பிராகிருதத்தில் ‘ஓ’ ஆகும்: லவண (உப்பு) என்பது லோண, பவதி என்பது ஹோதி. ‘யோன’ என்ற சொல்லைக் கேட்ட படித்தவர், லோணவுக்கு லவண என்றால் யோனவுக்கு யவன என்று பின்னோக்கிக் கட்டிக்கொள்ள முடியும். அப்படியானால் யவனவின் வகரம் கிரேக்க வாயிலிருந்து வந்ததல்ல, இலக்கணம் படித்த இந்திய வாயிலிருந்து வந்தது. க்னோசோஸ் வகரத்தோடு ஒத்துப்போவது தற்செயல்.

5 ஜூன், மதியம் 12:40, எழுத்தாணி

உடன்படுகிறேன், ஒரு குறிப்போடு. பாணினி சூத்திரம் 4.1.49இலேயே ‘யவன’ இருக்கிறது. அதற்கு வார்த்திகம் (விளக்கக் குறிப்பு) எழுதிய காத்யாயனர் ‘யவனானீ’ என்றால் யவனரின் எழுத்து என்கிறார். பாணினி அசோகருக்கு முந்தியவர். எனவே ‘அசோகர் கட்டளையில் யோன, பிறகு யவன’ என்று காலவரிசையாகச் சொல்ல முடியாது. வடமேற்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கியிருக்க வேண்டும். பின்னோக்கிக் கட்டினார்கள் என்றால் அதை பாணினி காலத்துக்குள்ளேயே கட்டி முடித்துவிட்டார்கள்.

5 ஜூன், மதியம் 12:52, நெடுங்கணக்கு

சரி. காந்தாரம் பாரசீக ஆட்சியில் இருந்த பகுதி, யவுன என்ற பெயர் அங்கே போய்ச்சேர அலெக்சாந்தர் வரை காத்திருக்கத் தேவையில்லை. இடமும் காலமும் பொருந்துகின்றன.

5 ஜூன், இரவு 7:35, கரையோரம்

தமிழுக்கு எந்த வழி? சமஸ்கிருதமா?

5 ஜூன், இரவு 10:10, எழுத்தாணி

நேரே சமஸ்கிருதம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தக்காணக் குடைவரைகளைப் பாருங்கள். கார்லேயில் தூண்களில் பிராகிருதத்தில், தேனுகாகடத்தைச் சேர்ந்த ‘யவனஸ’, யவனன் கொடுத்த தூண். ஜுன்னரில் ‘யவனஸ இரிலஸ’, நீர்த்தொட்டி இரண்டு தானம். நாசிக்கில் மட்டும் இந்திராக்னிதத்தன் என்பவன் ‘யோனகஸ’. மூன்று ஊரும் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களை ஒட்டியவை. ஆக பிராகிருதக் கல்வெட்டிலேயே இரண்டு வடிவமும் உண்டு. கடல் வணிகப் பாதையில் பக்கத்துக் கரையிலிருந்து ‘யவன’ தமிழுக்கு வந்திருக்கலாம் என்பது எனக்கு இயல்பாகப் படுகிறது. நூலிலிருந்து எடுத்த சொல்லைவிடத் துறைமுகத்தில் கேட்ட சொல் முந்தும்.

பொருளும் இதற்குள் மாறிவிட்டது. அகநானூறு 149: ‘யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’. முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிய இவர்கள் ரோமப் பேரரசின் குடிகள். எகிப்து வழி வந்தவர்கள், கணக்கும் ஒப்பந்தமும் கிரேக்கத்தில் எழுதியவர்கள். வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ், கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம், கிரேக்கத்தில்தான் இருக்கிறது. சரக்கு ஏற்றிய கப்பலின் பெயர் எர்மப்பொல்லோன். அவர்களில் ஒருவர்கூட மிலேத்தொஸ்காரராக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே சங்கப் பாட்டில் ‘யவனர்’ வந்தால் ‘இயோனியர்’ என்று மொழிபெயர்ப்பது பிழை, ‘கிரேக்கர்’ என்பதும் பாதிதான். யவனர் என்றே விடுவது நல்லது.

‘3000 ஆண்டுக்கு முன்பே வந்தனர்’ இதோடு முடிகிறது. சொல்லின் வயதும் அதைச் சுமந்த ஆள் வந்த வயதும் வேறு.

6 ஜூன், காலை 5:50, மட்டக்களப்பான்

இலங்கையில் யோன வடிவமும் இருக்கு. மகாவம்சத்தில் அலசந்த (அலெக்சாந்திரியா) நகரத்து யோன மகாதம்மரக்கித தேரர் வாறார். சிங்களத்தில் முஸ்லிம்களுக்கு ‘யோனக’ என்ற பெயர் இண்டைக்கும் உண்டு. தமிழில் ‘சோனகர்’. குடிசன மதிப்பீட்டிலேயே ‘இலங்கைச் சோனகர்’ எண்டுதான் பதிவு. மேற்குக் கடலால வந்த வியாபாரி எவரெண்டாலும் யோனர் எண்ட பழைய வழக்கு, அரபு வணிகர் வந்த பிறகு அவையளுக்கு ஒட்டினது.

6 ஜூன், காலை 9:25, நெடுங்கணக்கு

இதைச் சேர்த்ததற்கு நன்றி. அப்படியானால் தமிழில் ஒரே பெயர் இரண்டு வாசலால் வந்திருக்கிறது: யவனர், சோனகர். யகரம் சகரமானதுதான் இந்தச் சங்கிலியில் மெலிந்த கண்ணி. ஆனாலும் சிங்கள யோனக பக்கத்திலேயே நிற்பதால் இணைப்பு உறுதியாகிறது. அரபு ‘யூனான்’ வழியாக வந்த யுனானி மருத்துவத்தையும் எண்ணினால் மூன்று வாசல்.

6 ஜூன், மதியம் 2:00, புதுவாசகன்

பாரசீகம், அரபு, துருக்கி எல்லாம் யூனான் என்கிறது, நாம் மட்டும் ‘கிரேக்கம்’ என்கிறோமே, அது எங்கிருந்து?

6 ஜூன், மாலை 4:45, எழுத்தாணி

ஐரோப்பிய மொழி வழி, லத்தீன் ‘க்ரேக்கி’யிலிருந்து. அங்கேயும் இதே கதை, திசைதான் மாறுகிறது. அரிஸ்தோத்தில் வானிலை நூலின் முதல் புத்தகத்தில், வடமேற்கே தொதோனா, அக்கெலோஒஸ் ஆற்றுப் பக்கம் இருந்தவர்கள் அப்போது ‘க்ரைகொய்’ எனப்பட்டனர், இப்போது எல்லேனெஸ் என்கிறார். மேற்கிலிருந்து பார்த்த ரோமருக்கு அந்தப் பெயர், கிழக்கிலிருந்து பார்த்தவர்களுக்கு இயோனியர் பெயர். க்ரைகொய்க்கு மூலம் என்ன என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், போயோத்தியாவின் க்ராயா ஊரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.